வீடு முதலில், பூங்கா அப்புறம்: ஓர் ஆற்றங்கரையின் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். இது சரித்திரமும் கணக்கும் கலந்த கதை.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஈஸ்ட் ஆற்றங்கரையில் கிரீன்பாயின்ட், வில்லியம்ஸ்பர்க் என்று இரண்டு பேட்டைகள். ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெயர் வாங்கிய 'மானிட்டர்' இரும்புக் கப்பல் 1862-ல் இங்கேதான் தண்ணீரில் இறங்கியது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கரையில் மிஞ்சியவை கிடங்குகளும் எண்ணெய்த் தொட்டிகளும். ஆறு பக்கத்திலேயே ஓடினாலும், பல இடங்களில் ஜனங்கள் கரைக்குப் போக வழியில்லை.

மே 2005-ல், மேயர் புளூம்பெர்க் காலத்தில், நகராட்சி இந்தத் தொழிற்சாலை நிலத்தில் வீடு கட்ட அனுமதித்தது. கரையோரம் 30, 40 மாடிகள் எழும்பலாம். பதிலுக்கு, சுமார் 28 ஏக்கரில் 'புஷ்விக் இன்லெட் பூங்கா' தருவதாக வாக்கு.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. வாக்குக் கொடுத்தபோது பூங்காவுக்கான நிலத்தை நகராட்சி வாங்கி வைக்கவில்லை. சுற்றிலும் அடுக்குமாடிக்கு அனுமதி கிடைத்ததும் நில விலை எகிறியது. விலையை ஏற்றிவிட்டதும் நகராட்சி, ஏறிய விலைக்கு வாங்க வேண்டியதும் அதே நகராட்சி!

கட்டடங்கள் வந்தன, பூங்கா வரவில்லை. 2010-ல் ஒரு விளையாட்டு மைதானம் மட்டும் திறந்தார்கள். ஜனவரி 2015-ல், பூங்காவுக்காகக் குறித்திருந்த சுமார் 11 ஏக்கர் நிலத்தில் இருந்த பெரிய கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்திலும் வீடுகள் வந்துவிடுமோ என்று ஜனங்கள் பயந்தார்கள். எங்கள் பூங்கா எங்கே என்று தெருவில் இறங்கினார்கள், கூட்டம் போட்டார்கள், நகராட்சியை விடாமல் துரத்தினார்கள்.

2016-ல் பலன் கிடைத்தது. எண்ணெய்த் தொட்டிகள் இருந்த இடத்தை 5.3 கோடி டாலருக்கு வாங்கினார்கள். எரிந்த கிடங்கின் நிலத்துக்கு நகராட்சி முதலில் 10 கோடி சொன்னது, உரிமையாளர் மறுத்தார். கடைசியில் 16 கோடி டாலருக்கு முடிந்தது. ஏக்கருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி டாலர்!

ஜெயித்தது ஜனங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் பில் கட்டியதும் அவர்கள் வரிப்பணம்தானே? வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகரத்துக்கு வீடும் வேண்டும். ஆனால் வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்களே, அதேபோல் விலை ஏறுமுன் நிலத்தை வாங்கியிருக்க வேண்டும். பணம் ஒதுக்காத வாக்குறுதி, பேலன்ஸ் ஷீட்டில் ஏறாத கடன் மாதிரி. என்றைக்காவது ஒருநாள் வட்டியோடு வந்து நிற்கும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?