பெயரும் பொருளும்: ‘புற்றுப்போலி’யின் வரலாறு

ஒரு சொல் வழக்கில் நிலைபெற்றுவிட்டால், அது சுட்டிய பொருள் பற்றிய அறிவு மாறிய பின்னரும் எளிதில் அகல்வதில்லை. இலக்கிய வரலாறு கற்போர் நன்கறிந்த இவ்வுண்மைக்கு மருத்துவ வரலாறும் விலக்கன்று. நரம்புச் சுரப்புக் கட்டிகள் என இன்று வழங்கப்படும் நோய்த் தொகுதியை இவ்வகையில் நோக்கலாம்.

1907இல் மியூனிச் நகர நோயியலாளரான சீக்பிரீட் ஒபேர்ண்டோர்பர் சிறுகுடலில் தாம் கண்ட சிறு கட்டிகள் சிலவற்றை விவரித்தார். நுணுக்குக்காட்டியில் அவை புற்றுநோயை ஒத்திருந்தன. ஆயின் மெதுவாகவே வளர்ந்தன. பிற உறுப்புகளுக்குப் பரவுவனவாகவும் தோன்றவில்லை. எனவே, ‘புற்றைப் போன்றது’ எனப் பொருள்படும் ‘கார்சினோயிட்’ என்னும் பெயரை இட்டார். இவை கொடியனவாக மாறவும் பரவவும் கூடும் என 1929இல் அவரே எழுதினார். திருத்தம் நூலில் தங்கிற்று. பெயரோ மருத்துவமனைகளில் தொடர்ந்து ஆட்சி செலுத்திற்று. தீங்கற்றது என்னும் எண்ணத்தை அப்பெயரே சுமந்து சென்றமையால், நோயாளியைப் பொறுத்தவரை இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

1933இல் நாசி ஆட்சி, யூதர் என்பதற்காக அவரைப் பதவி நீக்கியது. அவ்வாண்டிலேயே பல்கலைக்கழகச் சீர்திருத்தத்தை மேற்கொண்ட துருக்கி, யேர்மனியினின்று துரத்தப்பட்ட அறிஞர் பலரை ஏற்றுக்கொண்டது. ஒபேர்ண்டோர்பர் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, 1944இல் அந்நகரிலேயே மறைந்தார். அறிவியல் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்போர் இவ்வாழ்க்கையை எங்கு வைப்பரோ அறியோம்.

இக்கட்டிகள் சுரப்புக் கலங்களிலிருந்து தோன்றுவன என்பதைப் பிரான்சைச் சேர்ந்த கொசே, மசோன் ஆகிய இருவரும் 1914இலேயே காட்டியிருந்தனர். எனினும், அச்சுரப்பு யாதென்பது 1953இலேயே தெளிவாயிற்று. இத்தகைய கட்டியொன்றில் செரோற்றோனின் மிகுந்திருத்தலை லெம்பெக் கண்டார். குடலிலிருந்து வரும் ஓமோனை ஈரல் சிதைத்துவிடுவதால் நோய் நெடுங்காலம் மறைந்திருக்கும். கட்டி ஈரலுக்குப் பரவிய பின்னரே பெரும்பாலும் முகம் சிவத்தல், வயிற்றோட்டம், இழைப்பு, இதயத்தின் வலப்பக்க வால்வுகளின் சிதைவு ஆகியன வெளிப்படும். செரோற்றோனின் ஆக்கத்துக்கு திரிப்ரோபான் பெருமளவிற் செலவாவதால் சிலருக்குப் பெலக்கிரா என்னும் நோயும் உண்டாகும். சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழை உழவரின் நோய் அது. அங்கே உணவு பறிக்கப்படுகிறது. இங்கே உணவின் சத்தைக் கட்டி பறித்துக்கொள்கிறது. விளைவு ஒன்றே.

1973இல் அறியப்பட்ட சோமற்றோசுற்றற்றின் என்னும் ஓமோனை ஒத்த மருந்துகள் பின்னர் இச்சுரப்பைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டன. அவற்றோடு கதிர்வீசும் லுத்தேசியத்தை இணைத்துக் கட்டியைத் தாக்கும் சிகிச்சைக்கு ஐரோப்பா 2017இலும் அமெரிக்கா 2018இலும் அனுமதி அளித்தன. வறிய நாடுகளின் நோயாளர் பெரும்பாலோர்க்கு இது எட்டாக்கனியே.

சமிபாட்டுத் தொகுதியைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வகைப்பாடு, கலங்கள் பெருகும் வேகத்தைக்கொண்டு இக்கட்டிகளைத் தரப்படுத்தி, அனைத்துமே கொடியனவாகும் இயல்புடையன என்னும் நிலைப்பாட்டை ஏற்றது. நுரையீரற் கட்டிகளின் வகைப்பாட்டிலோ ‘கார்சினோயிட்’ இன்றும் இருக்கின்றது.