கரும்பின் இரு வழிகள்

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் சாலையில், ஆலைப் பருவத்தில் நெல்லிக்குப்பத்தைக் கடப்போர் கரும்புச்சாறு காயும் மணத்தை முகராமல் போக முடியாது. பாரி நிறுவனத்தார் 1842இல் இங்குச் சர்க்கரை ஆலை நிறுவினர் என்பதைப் பலரும் அறிவர். அந்நிறுவனத்தின் பெயருக்கு முன் நிற்கும் 'இ.ஐ.டி.' என்னும் மூன்றெழுத்தின் பொருளைக் கேட்டறிந்தோர் சிலரே. 'கிழக்கிந்திய வடிசாலைகள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகு வீணாகாதிருக்கச் சாராய வடிசாலையும் இவ்வூரில் இயங்கியது. 1914இல் மிட்டாய்த் தயாரிப்பும் இங்கே தொடங்கிற்று. ஒரே கரும்பிலிருந்து பிள்ளைக்கு மிட்டாயும் தகப்பனுக்குச் சாராயமும் வந்த ஊர் இது.

இனிப்புள்ள எந்தச் சாற்றையும் அதன் போக்கில் விட்டுவிட்டால் அது புளிக்கும். காற்றிலும் பழத்தோலிலும் பாத்திரத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் இனிப்பை உண்டு மதுவாக மாற்றிவிடும். ஆகவே மது உண்டாவதற்குப் பெரிய முயற்சி எதுவும் வேண்டியதில்லை. மது உண்டாகாமல் காப்பதற்கே கைத்திறன் வேண்டும். நம் பனைத்தொழிலாளர் இதை நன்கு அறிந்தவர்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால், விடியற்காலையில் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லையேல் அதே மரத்தில், அதே பாளையில், அதே இரவில் கள். இரண்டையும் பிரிப்பது ஒரு விரலளவு சுண்ணாம்பு.

இந்தச் சுண்ணாம்பின் பொருளாதாரத்தை உணர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் உண்டு. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் கொர்னேலியஸ் குமரப்பா கத்தோலிக்கர் அல்லர். எனினும் அவரை நம் பங்குகளில் இன்னும் அதிகமாகப் பேசியிருக்கலாம். காந்தியடிகள் 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர் அவர். கள் இறக்குவோரைத் தண்டிப்பதோடு நின்றுவிடாமல், பதநீரையும் பனைவெல்லத்தையும் அவர்கள் பிழைப்பாக்க வேண்டும் என்பது அச்சங்கத்தின் திட்டம். பனை தரிசு நிலத்திலும் வளரும். வெல்லத்தை அது தருமானால் நல்ல வயலை நெல்லுக்கு விடலாம் என்பது குமரப்பாவின் வாதம். கரும்பையே நம்பி வாழும் நம் பகுதியினருக்கு இது உவப்பாக இராது. ஆயினும் அவர் கணக்குத் தவறன்று.

அரசின் சட்டமோ வேறு வழியில் சென்றது. இராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. சட்டம் குடிப்பவன் கையிலிருந்த குவளையைப் பறித்தது. அந்தக் கைக்கு வேறொரு குவளை கொடுப்பது சட்டத்தின் வேலையாக இருந்ததில்லை.

அதைச் செய்ய முயன்றவர் அயர்லாந்தின் கப்புச்சின் துறவி தியோபால்டு மேத்யூ. 1838 ஏப்ரல் 10ஆம் நாள் கார்க் நகரில் மதுவிலக்கு உறுதிமொழியில் முதற் கையெழுத்திட்ட அவரைப் பின்பற்றிச் சில ஆண்டுகளுக்குள் பல இலட்சம் பேர் உறுதிமொழி எடுத்தனர். உறுதிமொழி எடுத்தவர்கள் மாலையில் எங்கே போவார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. ஊர்தோறும் மதுவிலக்கு மன்றங்கள் தோன்றின. அங்கே வாசிப்பறை இருந்தது, வாத்தியக் குழு இருந்தது, தேநீர் இருந்தது. அவ்வெழுச்சி பெரும்பஞ்சத்துக்குப்பின் தளர்ந்தாலும் அந்தக் கேள்வி சரியான கேள்வி.

திருச்சபை திராட்சை இரசத்தைப் பாவம் என்று சொன்னதில்லை; சொல்லவும் முடியாது. கானாவூர்த் திருமணத்தில் இருந்த 6 கல்தொட்டிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளக்கூடியவை. ஆனால் அந்நிகழ்ச்சியில் நம் கவனத்துக்குரியவர் அன்னை மரியா. விருந்தினரின் கிண்ணம் காலியாவதை முதலில் கண்டவர் அவரே. குடியை விட்ட ஒருவர் நம் வீட்டுத் திருமணத்துக்கு வரும்போது அவர் கையில் என்ன தருகிறோம்? வெந்நீரா, கடையில் வாங்கிய வண்ணத் தண்ணீரா? அவர் மறுபடி வழுக்குவது பல வேளை அந்த வெறுங்கையினால்தான்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மக்கள் மாண்டனர். கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தோர் 60க்கு மேல். இரண்டு ஊர்களும் நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் உள்ளவை. பானகத்தைப் பற்றி எழுதுவது அச்சாவுகளுக்கு விடையாகாது என்பதை அறிவேன். குடும்பத்தின் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதைத்தான் இங்கே பேச முடிகிறது.

அது நம் வீடுகளில் குறைவாகவும் இல்லை. வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை சேர்ந்த பானகம் உண்டு, நன்னாரி உண்டு, வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோருக்குச் சாலையோரம் நாம் ஊற்றும் நீர்மோர் உண்டு. கிறிஸ்து பிறப்புக்குத் திராட்சையை ஈஸ்ட்டோடு ஊறவைக்கும் வீட்டார், அதே பழத்தைக் கொதிக்கவைத்து வடித்துப் பட்டை, கிராம்பு சேர்த்துப் பரிமாறிப் பார்க்கலாம். நிறமும் மணமும் குறையாது. பிள்ளைகளும் பெரியவர்களோடு ஒரே கிண்ணத்தை ஏந்துவார்கள்.

பண்ருட்டி, விருத்தாசலம், நெய்வேலிப் பக்கத்தாருக்கு இன்னொன்றும் உண்டு. தவக்காலத்தில் முந்திரிப்பழம் உதிர்கிறது. கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியில் விட்டுவிடுகிறோம். கோவாவில் அதே பழத்திலிருந்து பெனி என்னும் மது வடிக்கிறார்கள். பழத்தைப் பிழிந்து, ஒரு லிட்டர் சாற்றுக்கு அரைக்கால் லிட்டர் வடிகஞ்சி சேர்த்துக் கலக்கித் தெளியவைத்தால், தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு கஞ்சியோடு அடியில் தங்கிவிடும். தெளிவை வடித்து வெல்லமும் எலுமிச்சையும் கொஞ்சம் உப்பும் சேர்க்கவேண்டும். அன்றைக்கே பருகிவிடவேண்டும், மறுநாளைக்கு வைத்தால் அதுவும் புளிக்கத் தொடங்கும்.