அந்தமான் கட்டடங்களும் தொழிலாளர் காப்புச் சட்டமும்

அந்தமான் என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது செல்லுலார் சிறையே. அதனுள் அடைபட்ட தேசபக்தர்களின் சரித்திரம் பலரால் எழுதப்பெற்றுவிட்டது. ஆனால் அச்சிறையைக் கட்டியவர் யாவர், கட்டும்போது சாரத்தினின்று வீழ்ந்தவனுக்குப் பொறுப்பாளி எவர் என்று கேட்டோர் மிகச் சிலரே. பயணிகள் ரயில் ஓடாத தீவைப் பற்றி ஒரு ரயில்வே குமாஸ்தா எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். நஷ்ட ஈட்டுக் கோப்புகளுடன் நெடுநாள் பழகியவனுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பேயன்றோ!

1858 மார்ச் 10ஆம் நாள் டாக்டர் ஜே. பி. வாக்கர் என்பார் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்திறங்கினார். (அந்நகரம் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது.) சாத்தம் தீவிலும் ராஸ் தீவிலும் காட்டை அழித்து, சதுப்பு நிலத்தைத் திருத்தி, குடியிருப்புகளை எழுப்பியவை அக்கைதிகளின் கைகளே. முதல் மூன்று திங்களில் வந்து சேர்ந்தோர் 773 பேர். அவர்களுள் 64 பேர் மருத்துவமனையில் மாண்டனர். 140 பேர் தப்பியோடித் திரும்பவில்லை. தப்ப முயன்று பிடிபட்ட 80க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பெற்றனர். வேலைத்தலத்துச் சுகாதாரம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்தில் சட்டமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1855ஆம் ஆண்டிலேயே உயிரிழப்பு விபத்துச் சட்டம் ஒன்று இந்தியாவில் இயற்றப்பட்டிருந்தது. ஒருவனுடைய தவற்றாலோ கவனக்குறைவாலோ மற்றொருவன் இறந்தால், இறந்தவனுடைய மனைவி மக்கள் வழக்குத் தொடுத்து ஈடு பெறலாம் என்பது அதன் சாரம். ஆயினும் தவறு நேர்ந்ததை மெய்ப்பிக்க வேண்டிய சுமை குடும்பத்தின் தலைமேல் விழுந்தது. நாடு கடத்தப்பட்டவன் மனைவி எந்த ஊர் நீதிமன்றத்தில், எந்தச் சாட்சியைக் கொண்டு அதை மெய்ப்பிப்பாள்? 1881இல் வந்த தொழிற்சாலைச் சட்டமோ யந்திரங்களுக்கு வேலியிடச் சொல்லிற்று; சாரத்தையும் சுண்ணாம்புக் காளவாயையும் அது எட்டிப் பார்க்கவில்லை.

1890இல் லயால், லெத்பிரிட்ஜ் என்னும் இரு அதிகாரிகள் செய்த பரிந்துரையை ஒட்டி, 1896இல் செல்லுலார் சிறையின் நிர்மாணம் தொடங்கி 1906இல் நிறைவெய்தியது. நடுவே ஒரு கோபுரம், அதனின்று சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் பிரியும் ஏழு கிளைகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. கட்டியவர் கைதிகள். தாம் அடைபடவேண்டிய அறையைத் தாமே கட்டினர். ஏவியது சர்க்கார், மேற்பார்த்தது சர்க்கார், தண்டித்ததும் சர்க்கார். விபத்து நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? அங்கே எசமானும் நீதிபதியும் ஒருவரே.

உண்மையான திருப்பம் 1923இல் இயற்றப்பெற்று 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தால் நேர்ந்தது. 'யார் தவறு?' என்ற கேள்வியை அது பின்னுக்குத் தள்ளி, 'வேலையின்போது, வேலை காரணமாக நேர்ந்ததா?' என்று மட்டுமே கேட்டது. இறந்தவனுக்கு முப்பது மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் குறைந்தது எதுவோ அது. உறுப்புகளுக்கும் ஓர் அட்டவணை இருந்தது: முழங்கைக்கு மேல் வலக்கை போனால் எழுபது விழுக்காடு, இடக்கை போனால் அறுபது, ஒரு கண் போனால் முப்பது. இடக்கைப் பழக்கமுள்ள கொத்தனாரை அட்டவணை எழுதியவர் கண்டதில்லை போலும்! தொடக்க காலத்தில் எல்லாக் கட்டட வேலையும் அதனுள் அடங்கவுமில்லை. ஒரு மாடிக்கு மேற்பட்ட அல்லது இருபது அடி உயரமுள்ள கட்டடங்களே அடங்கின. எனினும் இரண்டு விதிகள் போற்றத்தக்கவை. காண்டிராக்டரின் ஆள் அடிபட்டாலும் வேலையை ஒப்படைத்த முதலாளியே ஈடு தர வேண்டும். பின்னர்க் காண்டிராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். இறப்புக்கான ஈட்டை வாரிசின் கையில் நேரே கொடுத்து ஒதுங்கவும் முடியாது. கமிஷனரிடமே செலுத்த வேண்டும். துக்க வீட்டில் ஐம்பதோ நூறோ நீட்டிக் கைநாட்டு வாங்கும் தந்திரம் இதனால் அடைபட்டது.

விடுதலைக்குப் பின் தீவுகளில் சாலை, துறைமுகம், அலுவலகம் எனப் பணிகள் பெருகவே, தமிழகத்தினின்றும் பலர் அங்குச் சென்று கல்லும் மண்ணும் சுமந்தனர். சென்னைக்கும் அத்தீவுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். விபத்துச் செய்தி ஊர் வந்து சேருவதே பெரும்பாடு. 1979இல் இயற்றிய மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் இதைக் கருத்திற் கொண்டது. காண்டிராக்டர் அழைத்துச் சென்ற தொழிலாளி இறந்தாலோ கடுங்காயம் அடைந்தாலோ, இரு மாநிலத்து அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினர்க்கும் அவர் அறிவித்தாக வேண்டும் என்றது. நம்போல் புலம்பெயர்ந்து வாழ்வோர்க்கு இதன் அருமை விளங்கும்.

கட்டடத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் பிறந்தது 1996இல்தான். அதைச் செயற்படுத்துவதில் இருந்த மெத்தனம் குறித்து உச்ச நீதிமன்றமே 2018இல் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இதற்கிடையில் 2014 ஜூன் 28ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆந்திரத்தினின்றும் ஒடிசாவினின்றும் பிழைக்க வந்தவர். சட்டம் ஏட்டில் இருந்தும் சாரத்தில் ஏறவில்லை என்று நெஞ்சு குமுறுகிறது.

1979, 1996 ஆகிய இரு சட்டங்களும் 2020இல் நிறைவேறிய தொழிற் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள் அடங்கிவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது. கடமை தவறியதால் உயிரிழப்பு நேர்ந்தால் ஈராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்; அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்கு வழங்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். வரைபடம் போடும் சிற்பியும் பொறியாளரும்கூடத் திட்டமிடும்போதே பாதுகாப்பை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர் ஆயினர்.

நலவாரியப் பதிவுக்கு வயது 18 முதல் 60க்குள் இருத்தல் வேண்டும். முந்தைய 12 மாதங்களில் 90 நாளேனும் கட்டட வேலை செய்திருத்தல் வேண்டும். ஊரிலிருந்து வந்து நம் காலனி வீடுகளில் தங்கிக் கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் செல்லும் உறவினர்க்கு இதனை எடுத்துரைத்து, விண்ணப்பம் நிரப்ப எழுத்தறிந்த அன்பர்கள் உதவுவார்களாக.