கிரி ஓயாக் கரையின் இரும்பு: ஆனந்த குமாரசுவாமியின் கருத்துக்கு ஒரு மறுப்பு

இலங்கையின் பழைய இரும்புத் தொழிலைப் பற்றி எழுதுவோர் ஆனந்த குமாரசுவாமியைத் தொடாமல் போவதில்லை. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைக்குத் தலைமை தாங்கிய அவர், பாறை தேடிப் போன இடங்களில் கைவினைஞரைக் கண்டார். அந்த அனுபவத்தின் பயனே 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’. பலாங்கொடைப் பகுதியில் இரும்பு உருக்கியதையும் உருக்குச் செய்ததையும் நேரில் பார்த்து அவர் எழுதிய பக்கங்களுக்கு இணையான சான்று வேறில்லை. எனினும் அப்பக்கங்களிலிருந்து வளர்ந்த பொதுக்கருத்து மாத்தளை மாவட்டத்தில் கிடைத்த சான்றோடு பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவர் கண்டதை முதலில் பார்ப்போம். களிமண்ணால் செய்த நீண்ட, ஒடுங்கிய மூசைக்குள் இரும்புத் துண்டுகளையும் ஆவாரை மரத் துண்டுகளையும் இட்டு வாயை மண்ணால் அடைப்பார்கள். கரியுலையில் வைத்துத் துருத்தியால் ஊதுவார்கள். உள்ளே இரும்பு உருகிவிட்டதா என்று பார்ப்பதற்கு மூசையை இடுக்கியால் தூக்கிக் குலுக்குவார்கள். ஆவாரை விறகின் கரியிலுள்ள காபன் இரும்பில் ஏறியதால் அது உருக்காயிற்று. இறக்குமதி இரும்பு மலிந்துவிட்ட காலத்தில், அத்தொழிலை அறிந்த கடைசித் தலைமுறையைக் கொண்டு இதைச் செய்து பார்த்துப் பதிவு செய்தவர் குமாரசுவாமி. அந்தக் கடனை எந்த மறுப்பும் குறைக்காது.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் வருகிறது. கம்மாளன் நிலம் பெற்றான், அதற்கு ஈடாக அரசனுக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்தான், சந்தைக்காக அல்லாமல் கடமைக்காகவே உற்பத்தி செய்தான் என்பது அந்நூலின் மையக் கருத்து. கண்டி இராச்சியத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். அங்கே இரும்பு உருக்குவோர் இறையை இரும்பாகவே செலுத்தினர். அரச பட்டறைகளும் அந்த ஒழுங்கில்தான் இயங்கின. 1681இல் வெளிவந்த றொபட் நொக்ஸின் நூல் வருணிக்கும் இரும்புத் தொழிலும் ஊர் அளவிலானதே. ஆனால் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் கண்டி இராச்சியம் கரையோரத்தைப் போர்த்துக்கேயரிடமும் ஒல்லாந்தரிடமும் இழந்து மலைக்குள் அடைபட்டிருந்த அரசு. துறைமுகம் கைநழுவிய நாட்டின் தொழிலொழுங்கை, துறைமுகங்கள் கைவசமிருந்த அனுராதபுர காலத்துக்கும் உரியதாகக் கொள்வது எப்படிச் சரியாகும்? குமாரசுவாமி நேரடியாக அப்படிச் சொல்லவில்லை என்று வாதிடலாம். எனினும் ‘மத்தியகாலம்’ என்ற பெயரில் அவர் கண்டி வாழ்வையே மரபின் உருவமாக நிறுத்தினார். பின்வந்தோர் அதை அதற்கு முந்திய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் நீட்டினர். தொழிற்புரட்சிக்குப் பிந்திய இங்கிலாந்தின் மீது அவருக்கிருந்த வெறுப்பும் இதில் கலந்திருக்கிறது. சந்தை தீண்டாத கைவினை ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. கீழைத்தேயத்தில் அதைக் கண்டதாக அவர் நம்பினார்.

இனி மாத்தளைக்கு வருவோம். சிகிரியாவுக்கு அண்மையில், கிரி ஓயாப் படுகையில் அலகொலவெவ என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தெஹிகஹ-அல-கந்த என்ற இடம் களனிப் பல்கலைக்கழகத் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் சுவீடன் ஆய்வாளரும் சேர்ந்து நடத்திய சிகிரியா–தம்புள்ளைக் குடியிருப்பு ஆய்வில் அகழப்பட்டது. சேனக பண்டாரநாயக்கவும் மாட்ஸ் மொக்ரெனும் பதிப்பித்த 1994ஆம் ஆண்டுத் தொகுதியில் ஸ்வந்தே ஃபொரேனியஸும் ரோஸ் சோலங்காராச்சியும் இதன் முடிவுகளை எழுதினர். இரும்பு உற்பத்தியின் தொடக்க காலத்திலேயே மிக வளர்ந்த நுட்பம் இங்கு இருந்தது என்பது கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லப்பட்டது.

அங்கு பேசும் சான்று கிட்டம். தாது உருகும்போது இரும்பு ஓரிடத்தில் கட்டியாகத் திரள, மாசு கிட்டமாகப் பிரிந்து ஒதுங்கும். இரும்பைக் கொண்டுபோய்விடுவார்கள், துருப்பிடித்தும் அது அழியும். கிட்டமோ கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஓர் ஊரின் கத்திக்கும் கொழுவுக்கும் வேண்டிய இரும்பை உருக்கியதால் மட்டும் சேர்ந்த கிட்டமல்ல அலகொலவெவவில் கிடப்பது. ஒரே இடத்தில், நிலைத்த உலைகளில், தலைமுறைகளாக நடந்த உற்பத்தியின் எச்சம் அது. காலம் பற்றிய கணிப்புகள் ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 4ஆம் நூற்றாண்டுக்கும் இடையே பரந்து நிற்கின்றன. கதிர்க்காபன் முறை இவ்வளவு அகலமான இடைவெளி தரும்போது, உச்சம் எந்த நூற்றாண்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: காசியப்பன் (477–495) சிகிரியாக் குன்றில் கோட்டை கட்டுவதற்கு வெகு முன்பே இவ்வுலைகள் எரிந்தன.

இவ்வளவு இரும்பை வாங்கியவர் யார்?

முதல் விடை, அரசு. வசபன் (67–111) குளங்களும் கால்வாய்களும் வெட்டினான். மகாசேனன் 16 குளங்கள் கட்டியதாக மகாவம்சம் சொல்கிறது. அவற்றுள் மின்னேரியா இந்தப் படுகைக்கு அயலிலேயே உள்ளது. மண்வெட்டிக்கும் கல்லுளிக்கும் வேண்டிய இரும்பை எண்ணினால், வாளைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. அரச ஊழியம் என்ற குமாரசுவாமியின் சட்டகத்துக்குள் இதை அடக்கிவிடலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விடை, கடல். இங்குதான் அம்பாந்தோட்டைக் கரையிலுள்ள கொடவாய கல்வெட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கொடபவத துறைமுகத்தின் சுங்க வரியை காமணி அபய என்னும் அரசன் அங்குள்ள விகாரைக்குக் கொடுத்ததை அது பதிவு செய்கிறது. இந்த அரசனைக் கஜபாகு என்று கொண்டு 2ஆம் நூற்றாண்டில் வைப்பதே பெருவழக்கு. ஆயினும் காமணி அபய என்ற பட்டம் தாங்கியவர் பலர் என்பதால், எழுத்தமைதியைக் கொண்டே காலத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. எந்தச் சரக்குக்கு என்ன வரி என்று கல்வெட்டு சொல்லவில்லை. சொல்வது இதுதான்: ஒரு விகாரையைப் பேணப் போதுமான வருவாய் தரும் வணிகம் அத்துறையில் நடந்தது, அதில் அரசன் பங்கு எடுத்தான். அதே கரைக்கு அப்பால், ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்திய கப்பல் ஒன்று கிடக்கிறது. அதன் சரக்கில் கண்ணாடிக் கட்டிகளோடு இரும்பும் செம்பும் இருந்தன.

அந்த இரும்பு கிரி ஓயா இரும்பு என்று இக்கட்டுரை சொல்லவில்லை. கொடவாய வளவை ஆற்றின் முகத்துவாரத்தருகே உள்ளது. அவ்வாற்றின் மேற்பகுதியில் சமனலவெவச் சரிவுகளில் தென்மேல் பருவக்காற்றாலேயே எரிந்த உலைகளை ஜில் ஜுலெஃப் கண்டு, 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கொடவாயவுக்கு இரும்பு வர எளிய வழி அவ்வாறே. ஆனால் அக்காற்றுலைகள் 7ஆம் முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை, கப்பலுக்கு வெகு பிந்தியவை. அலகொலவெவவோ கப்பலின் காலத்துக்கு ஒத்தது. கிரி ஓயாப் பொருள் கிழக்கே கோகர்ணத் துறைக்கு, இன்றைய திருகோணமலைக்கு, இறங்கியிருக்கலாம் என்பது நிலவமைப்பு தரும் ஊகம். இரும்பு இலங்கைக் கடலில் சரக்காக ஓடியது என்ற அளவுக்குக் கப்பலே சாட்சி. சந்தை தீண்டாத கைவினை என்ற படத்தைக் கிழிக்க அந்த அளவே போதும்.

பிற்காலச் சான்று இன்னும் உறுதியானது. 9ஆம் நூற்றாண்டுப் பக்தாத் அறிஞர் அல்-கிந்தி, கலீபா முஃதசிமுக்கு எழுதிய வாள்கள் பற்றிய நூலில், சரந்தீப (இலங்கை) உருக்கு பிற நாடுகளில் வாளாக அடிக்கப்படுவதைக் குறிப்பிடுகிறார். ஆயுதத்துக்கான மூலப்பொருள் ஓரிடத்தில் பிறந்து, வேறிடத்தில் ஆயுதமாகி, மூன்றாமிடத்தில் விலைபோன தொழில் அது. தன் படைக்கு மிஞ்சிச் செய்யும் நாடு வாங்குவோரைத் தேடியே ஆக வேண்டும்.  அன்று வாங்குவோரிடம் சேர்க்கும் வேலையைத் துறைமுகமும் சுங்கச் சாவடியும் செய்தன.

குமாரசுவாமியின் வருணனை நிற்கும். அதை எல்லாக் காலத்துக்கும் பொதுவாக்கிய முடிவு நிற்காது. கொடவாயக் கப்பலின் இரும்பிலுள்ள கிட்டத் துணுக்குகளை அலகொலவெவக் கிட்டத்தோடும் சமனலவெவக் கிட்டத்தோடும் விரிவாக ஒப்பிட்டால் இரண்டாவது விடையின் வலு தெரியும். அகழ்ந்தெடுத்த மாதிரிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிறுவனங்கள் அந்த ஒப்பீட்டை முன்னெடுக்க வேண்டும்.