கேட்பவர் யாரெனக் கேளாத மொழி: மோட்பஸ் நெறிமுறையின் வரலாறு

1960களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளின் இயந்திரங்களை ரிலேக்களே இயக்கின. வாகனத்தின் வடிவம் மாறும்போதெல்லாம் பெரும் அலமாரிகளில் நிறைந்திருந்த கம்பி இணைப்புகளைப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு இதற்கு மாற்றுத் தேடியது. அதே ஆண்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவைச் சேர்ந்த டிக் மார்லி, நிரலால் மாற்றியமைக்கத்தக்க கட்டுப்படுத்தி ஒன்றை வகுத்தார். அக்குழுவின் 84ஆவது பணி என்பதால் கருவி 084 எனப் பெயர் பெற்றது. அதனை விற்க எழுந்த நிறுவனமே மோடிகான்.

கட்டுப்படுத்திகள் பெருகியபின், அவற்றின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறியும் தேவை எழுந்தது. 1979இல் மோடிகான் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறை அத்தேவைக்கான விடையாகும். அதன் விதிகள் அனைவரும் அறிய வெளியிடப்பட்டமையால் போட்டி நிறுவனங்களும் அதனை ஏற்றன.

இம்மொழியின் இலக்கணம் மிகச் சுருங்கியது. தொடர்நிலைக் கம்பியில் ஒரே தலைமைக் கருவிதான் பேச்சைத் தொடங்கலாம். ஏனையவை கேட்டாலன்றிப் பேசா. அவற்றிற்கு 1 முதல் 247 வரை முகவரிகள் உண்டு. 01 03 00 00 00 01 84 0A என்னும் எட்டு பைட்டுகள் ஒரு முழுமையான வினா. முதல் பைட் முகவரி. 03 என்பது 'பதிவகத்தைப் படி' என்னும் ஏவல். அடுத்த நான்கும் தொடக்க இடத்தையும் எண்ணிக்கையையும் குறிக்கும். இறுதி இரண்டும் பிழை காணும் சரிபார்ப்பு எண். ஆர்டியூ வடிவில் ஒரு செய்தி முடிந்தது என்பதை அறிவிப்பது மௌனமே: மூன்றரை எழுத்துகளை அனுப்பும் நேர அளவு கம்பி அமைதியாயிருத்தல் வேண்டும். வினாவை நிறைவேற்ற இயலாத கருவி, ஏவல் எண்ணுடன் 128ஐக் கூட்டித் திருப்பி அனுப்பி மறுப்பைத் தெரிவிக்கும்.

இந்த இலக்கணத்தில் இரண்டு இல்லாமைகள் உள்ளன. முதலாவது, பொருள். 250 என்னும் விடை 25.0 பாகை வெப்பமா, 250 வோல்ட்டா என்பதைக் கருவியின் கையேடே சொல்லும். இரண்டாவது, பேசுபவர். வினாவில் விடை சொல்ல வேண்டியவரின் முகவரி உண்டு. கேட்பவரின் அடையாளம் இல்லை. படிக்கும் ஏவலுக்கு மட்டுமன்றி மதிப்பை மாற்றி எழுதும் ஏவலுக்கும் இது பொருந்தும். 1979இல் இது குறையாகத் தோன்றவில்லை. கம்பி ஆலைக்குள் இருந்தது. ஆலையின் சுவரே காவலாயிருந்தது.

பின்னர் அதே இலக்கணம் இணைய நெறிமுறையின் மீது ஏற்றப்பட்டது. சுவர் நீங்கியது, மொழி மாறவில்லை. 2024 சனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில், உறைபனிக் குளிரில், 600க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் ஏறத்தாழ இரண்டு நாள் வெப்பமின்றி இருந்தன. தாக்கியோர் வெப்ப வழங்கல் அமைப்பின் கட்டுப்படுத்திகளுக்கு மோட்பஸ் ஏவல்களை அனுப்பியிருந்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அக்கருவிகள் தம் மொழியின் விதியை மீறவில்லை, அதற்குக் கீழ்ப்படிந்தன.

2018இல் குறியாக்கமும் அடையாளச் சரிபார்ப்பும் கொண்ட மோட்பஸ் வடிவம் வரையறுக்கப்பட்டது. 2020இல் 'எஜமான்–அடிமை' என்னும் பழைய கலைச்சொற்கள் கைவிடப்பட்டு 'கிளையன்ட்–சர்வர்' என்பவை வந்தன. சொற்களை ஓர் அறிவிப்பால் மாற்றிவிடலாம். ஆலைகளில் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளின் இலக்கணத்தை அவ்வாறு மாற்ற இயலாது. அவை இன்றும் கேட்பவர் யாரெனக் கேளாமலே விடையளிக்கின்றன.