தட்டில் இல்லாத பெயர்கள்

மாட்டுங்காவில் எங்கள் இரண்டு அறை வீட்டில் ஒரு மர்ஃபி ரேடியோ இருந்தது. காலை ஏழரைக்கு இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் பழைய படப் பாட்டுகள் வரும். எட்டு அடிக்கச் சற்று முன்னால் சைகல் பாடுவார். அவர் பாடி முடித்தால்தான் அப்பா செருப்பை மாட்டுவார். அம்மாவுக்கு இந்தி, காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான். ஆனால் குரல் தெரியும். அறிவிப்பாளர் பெயர் சொல்லும் நேரம் பார்த்துக் குழாயடியில் நிற்பாள். உள்ளே வந்ததும், "யாருடா பாடினது?" என்பாள். நான் வாய்க்கு வந்தபடி "லதா" என்பேன். "போடா, லதா குரல் பட்டு நூல் மாதிரி. இது வெண்கலம்" என்பாள்.

அந்த வெண்கலம் ஷம்ஷாத் பேகம். ஓ.பி.நய்யார் அவர் குரலைக் கோயில் மணிக்கு ஒப்பிட்டதாகப் பல வருஷம் கழித்துப் படித்தேன். அம்மா படிக்காமலே சொல்லிவிட்டாள்.

வேலைக்குப் போய்க் கையில் நாலு காசு சேர்ந்ததும் சோர் பஜாரில் 78 சுற்று இசைத்தட்டுகளைத் தேட ஆரம்பித்தேன். தட்டு வாங்கினால் பாடியவர் பெயர் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அது எவ்வளவு தப்பு என்பதை 'மஹல்' தட்டுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கடிகாரம் இரண்டு அடித்ததும் தொடங்கி, மதுபாலா ஊஞ்சலில் வரும் பாட்டை வாசகர்கள் கேட்டிருப்பீர்கள். 1949-இல் அந்தத் தட்டு வெளியானபோது, பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அச்சாகியிருந்தது 'காமினி'. அது படத்தில் மதுபாலாவின் பாத்திரப் பெயர்! பேசும்படம் வந்த புதிதில் நடிப்பவர்களே பாடினார்கள். பின்னணிப் பாட்டு வந்த பிறகும், திரையில் வாயசைப்பவரே பாடுகிறார் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தால் நல்லது என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். அதனால் தட்டிலும் பாத்திரத்தின் பெயர்தான். இந்தப் பாட்டைக் கேட்டவர்கள், பாடியது யார் என்று வானொலிக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். வானொலிக்காரர்கள் இசைத்தட்டுக் கம்பெனியைக் கேட்டு, லதா மங்கேஷ்கர் என்று அறிவித்தார்கள். இசையமைத்த கேம்சந்த் பிரகாஷ் இதையெல்லாம் பார்க்கவில்லை. படம் வெளிவருவதற்கு முன்பே, அந்த வருஷம் ஆகஸ்டில் காலமாகிவிட்டார்.

லதாவுக்கு ஊரே எழுதிக் கேட்டது. மற்றவர்களுக்கு?

அதே 'மஹல்' படத்தில் ராஜகுமாரி என்பவரும் பாடியிருக்கிறார். அடுத்த வருஷம் ரோஷன் இசையில் 'பாவ்ரே நைன்' படத்திலும் அவர் குரல் உண்டு. அதற்கப்புறம் வாய்ப்புகள் சுருங்கிவிட்டன. 'பாகீஸா' முடியும் முன்பே இசையமைப்பாளர் குலாம் முகம்மது இறந்துவிட, மிச்ச வேலையை நௌஷாத் ஏற்றார். ஒலிப்பதிவில் கோரஸ் பெண்களுக்கு நடுவே நின்ற ஓர் அம்மாளைப் பார்த்துத் திடுக்கிட்டாராம். ராஜகுமாரி! ஒரு காலத்தில் தனியாகப் பாடியவர், கும்பலில் ஒருத்தியாக நிற்கிறார். நௌஷாத் அவருக்கென்று ஒரு பாட்டைக் கொடுத்தார். படம் 1972-இல் வந்தது. ராஜகுமாரி 2000-இல் மறைந்தார்.

உமாதேவி கதை வேறு மாதிரி. 1947-இல் 'தர்த்' படத்தில் நௌஷாத் இசையில் அவர் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. நம்மவர்களுக்கு இன்னொரு சேதி: எஸ்.எஸ்.வாசன் 'சந்திரலேகா'வை 1948-இல் இந்தியில் கொண்டுவந்தபோது, டி.ஆர்.ராஜகுமாரிக்குப் பாடியவர் இந்த உமாதேவிதான். இரண்டு வருஷத்தில் 'பாபுல்' படத்தில் நகைச்சுவை வேஷம் கட்டினார். 'டுன் டுன்' என்று பெயர் மாறியது. திரையில் அந்தக் குண்டு அம்மாளைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவர் பாடகி என்பது எனக்குத் தெரியவே தெரியாது. 2003-இல் அவர் இறந்தபோதும் டுன் டுன் என்ற பெயரைச் சொன்னால்தான் பலருக்கு ஆள் புரிந்தது.

லதா வந்து இவர்களை ஒழித்துவிட்டார் என்று பஜாரில் பழைய தட்டுக்காரர்கள் சண்டைக்கே வருவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மேடையில் எட்டும்படி பாடிப் பழகிய கனத்த குரலை மைக் அவசியமற்றதாக்கிவிட்டது. பிரிவினையில் நூர்ஜஹானும் குர்ஷீத்தும் பாகிஸ்தான் போனார்கள். கதாநாயகி இளம்பெண் போலவே ஒலிக்க வேண்டும் என்ற ருசியும் சேர்ந்துகொண்டது.

பெயர்களை மீட்க உதவியது பெரிய ஸ்தாபனங்கள் அல்ல. கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' என்ற தனி மனிதர், தட்டுகளையும் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகங்களையும் ஒப்பிட்டு, பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாக 'ஹிந்தி ஃபில்ம் கீத் கோஷ்' தயாரித்தார். வேலையின் கஷ்டத்துக்கு ஓர் உதாரணம் போதும். முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வில் (1931) ஏழு பாட்டுகள். படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் குரல்களைக் கேட்க வழியே கிடையாது.

அம்மாவின் வெண்கலக் குரலுக்கு வருகிறேன். ஷம்ஷாத் பேகம் படம் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் அப்பா போட்ட நிபந்தனை. அதனால் வெகு காலம் ரசிகர்களுக்கு முகமே தெரியாது. 1998-இல் அதே பெயர் கொண்ட வேறொரு அம்மாள், நடிகை சாயிரா பானுவின் பாட்டி, இறந்துபோனார். பாடகிதான் போய்விட்டார் என்று செய்தி பரவிவிட்டது. நான்தான் பேப்பரைக் கொண்டுபோய் அம்மாவிடம் படித்துச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் 'மதர் இந்தியா' தட்டை எடுத்துப் போடச் சொன்னாள். கிராமஃபோன் ஊசி தேய்ந்திருந்தது. கரகரவென்றுதான் வந்தது. "பரவாயில்லை, போடு" என்றாள்.

அம்மா 2001-இல் காலமானாள்.

2004-இல் பத்திரிகைக்காரர்கள் ஷம்ஷாத் பேகத்தைக் கண்டுபிடித்தார்கள். இதே பம்பாயில், மகள் வீட்டில், உயிரோடு இருந்தார். மாட்டுங்காவிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரம். 2009-இல் பத்மபூஷண் கிடைத்தது. 2013 ஏப்ரல் 23 அன்று, தொண்ணூற்று நாலாவது வயதில், நிஜமாகவே போனார். அந்தப் பேப்பரையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன், 1998-இன் பேப்பரோடு சேர்த்து, அதே 'மதர் இந்தியா' தட்டின் உறைக்குள்.