நிலாவைப் பார்த்தே மாசம் சொல்லலாம்... தொட்டியைப் பார்த்தே சீஸன் சொல்லலாம்!

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் கரன்ட் போனது. மொபைலில் 4% சார்ஜ். வேறு வழியில்லாமல் மொட்டைமாடிக்குப் போனால், பாட்டி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். நிலாவை ஒரு பார்வை பார்த்தவர், ''இன்னும் ரெண்டு நாள்ல பௌர்ணமி. மழை விட்டா தூதுவளை தளிர்த்திருக்கும், பறிச்சுட்டு வா'' என்றார். காலண்டர் இல்லை, ஆப் இல்லை. வானத்தையும் வேலியையும் சேர்த்தே வாசித்துவிட்டார்.

இந்த வாசிப்பு ஒன்றும் மந்திரம் இல்லை. நீங்களும் கத்துக்கலாம். அதில் எதை நம்பலாம், எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

மாசத்தின் பெயரே ஒரு க்ளூ!

நிலா தினமும் ஒரு நட்சத்திரத்தின் பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். பௌர்ணமி அன்று எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ, பெரும்பாலும் அதிலிருந்து வந்ததுதான் மாசத்தின் பெயர். சித்திரை நட்சத்திரத்தில் பௌர்ணமி வந்தால் சித்திரை. விசாகத்தில் வந்தால் வைகாசி. கார்த்திகையில் கார்த்திகை. பூசத்தில் வந்தால் தை, மகத்தில் வந்தால் மாசி, உத்திரத்தில் வந்தால் பங்குனி. வைகாசி விசாகம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் என்று நாம் கொண்டாடும் நாள்கள் எல்லாம் பௌர்ணமியை ஒட்டியே வருவதற்கு இதுதான் காரணம்.

சில வருடங்களில் நட்சத்திரமும் பௌர்ணமியும் ஒரு நாள் முன்னே பின்னே தள்ளி வரும். பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் இடையே சுமார் 29½ நாள். 12 பௌர்ணமி சேர்ந்தால் 354 நாள்தான் ஆகிறது. மிச்சமிருக்கும் 11 நாள் சேர்ந்துகொண்டே போவதால்தான் சில வருடங்களில் 13 பௌர்ணமி வருகிறது.

வளர்பிறையா, தேய்பிறையா?

சாயங்காலம் சூரியன் மறையும்போதே மேற்கிலோ உச்சியிலோ நிலா தெரிந்தால் வளர்பிறை. மேற்கில் சூரியன் மறைய, கிழக்கில் நிலா எழுந்தால் பௌர்ணமி. கன்னியாகுமரியில் சித்திரைப் பௌர்ணமி அன்று கூட்டம் அலைமோதுவது இந்த இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கத்தான். அதற்குப் பிறகு நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும். நடுராத்திரிக்கு மேல் எழுந்து, காலையில் நீங்கள் ஆபீஸ் கிளம்பும்போதும் வெளிறிப்போய் வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், அது தேய்பிறை.

அடிவானத்தில் நிலா ரொம்பப் பெரிசாகத் தெரிகிறதா? அது நம் மூளை செய்யும் குறும்பு. ஒரே ஜூமில் நிலா எழும்போது ஒரு போட்டோ, உச்சிக்கு வந்த பிறகு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. சைஸ் ஒன்றாகத்தான் இருக்கும். போட்டோவில் நிலா வெறும் வெள்ளை உருண்டையாக வந்தால், திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்க. மேலே இருக்கும் கறைகள் தெரிய ஆரம்பிக்கும்.

ஆறு பருவம்... வானத்தில் என்ன, தொட்டியில் என்ன?

இளவேனில் (சித்திரை, வைகாசி): சித்திரைப் பௌர்ணமி நிலாவுக்குப் பக்கத்தில் நீலம் கலந்த வெள்ளையாக ஒரு நட்சத்திரம் மின்னும். அதுதான் சித்திரை. தரையில் வேப்பம்பூ சீஸன். மரத்தடியில் சுத்தமான வேட்டியை விரித்துவைத்தால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். காம்பு நீக்கி, நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். நெய்யில் கருகாமல் வறுத்துக் கடைசியில் போடுவதுதான் ருசி. மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேரும் டம்ளரில் நன்னாரி சர்பத்தும் வரும் காலமும் இதுதான்.

முதுவேனில் (ஆனி, ஆடி): ஆனிப் பௌர்ணமி நிலா தெற்கே சாய்ந்து போகும். பக்கத்தில் சிவப்பாக மினுங்குவது கேட்டை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை ஆடி ஆஃபர் மாதிரி வெறும் ஸ்லோகனாக எடுத்துக்காதீங்க. வெயில் தணிந்து மழை தொடங்கும் நேரம் என்பதால் விதை முளைத்து வேர்பிடிக்க வசதி. அவரை, வெண்டை, கத்திரி, கீரை என்று மாடித்தோட்டம் தொடங்கச் சரியான மாசம். ஆனால், ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். தொட்டிகளைக் கைப்பிடிச் சுவர் மேல் வைக்காதீங்க!

கார் (ஆவணி, புரட்டாசி): ஆவணி அவிட்டம் பௌர்ணமியை ஒட்டி வரும். 'புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்' என்று சொலவடை. பகலில் கொளுத்தும், சாயங்காலம் இடியோடு கொட்டும். மழை முழுசாகப் பிடிப்பதற்குள் கற்பூரவல்லி வைத்துவிடுங்க. ஒரு சாண் நீளத் தண்டை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மண்ணில் செருகினாலே போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அதனால் தொட்டிக்கு அடியில் ஓட்டை முக்கியம். துளசி இருந்தால், பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்க. இலை நிறைய விடும்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): தமிழ்நாட்டின் ஒரு வருட மழையில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அதன் உச்சம் இந்த இரண்டு மாசம். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் திருவண்ணாமலையில் தீபம். வேலியில் தூதுவளை பச்சைப்பசேலென்று கொடியோடும். இலையின் முதுகில்கூட முள் இருக்கும். கத்திரிக்கோலால் முள்ளை நறுக்கிவிட்டு நெய்யில் வதக்கினால் துவையல், மிளகு தட்டிப்போட்டால் ரசம். கற்பூரவல்லி பஜ்ஜிக்கும் இதுதான் நேரம்.

முன்பனி (மார்கழி, தை): மார்கழி நிலாவுக்குப் பக்கத்தில் சிவந்து தெரிவது திருவாதிரை. நடுராத்திரியில் நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். வாசலில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ. கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முன்பு காப்புக் கட்டுவார்கள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசலில் செருகுவது வழக்கம். மூன்றும் அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்திலேயே கிடைப்பவை. பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்தும் அப்படித்தான். வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் தையில்தான் அறுவடைக்குத் தயாராகும்.

பின்பனி (மாசி, பங்குனி): மாசி மகத்தன்று நிலாவுக்குப் பக்கத்தில் இருப்பது மகம். கடற்கரைகளில் சாமி நீராட வரும் நாள். கும்பகோணத்தில் 12 வருடத்துக்கு ஒருமுறை மகாமகம். கடைசியாக 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்விடும். மார்க்கெட்டில் மாவடு தலைகாட்டும். வெயிலுக்கு அசராத பிரண்டையைத் தொட்டியில் வையுங்க. பறிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள மறக்காதீங்க, இல்லையென்றால் அரிப்பு பிடுங்கி எடுத்துவிடும். நன்றாக வதக்கி, புளி சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஒரே நட்சத்திரம்... ஒருமுறை தீபம், ஒருமுறை அக்னி!

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. கார்த்திகை என்பது நெருக்கமாக நிற்கும் ஒரு நட்சத்திரக் கொத்து. வெறும் கண்ணுக்கு ஆறு தெரியும். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்று கதை சொல்வதும் இந்தக் கொத்தை வைத்துத்தான். கார்த்திகை மாசப் பௌர்ணமியில் நிலா அதன் பக்கத்தில் நிற்கிறது. நாம் அகல் ஏற்றுகிறோம். ஆறு மாசம் கழித்து, மே மாசத்தில் அதே இடத்துக்குச் சூரியன் வந்து நிற்கிறது. அதை அக்னி நட்சத்திரம் என்று சொல்லி, குடை பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். அப்போது அந்தக் கொத்து சூரிய வெளிச்சத்தில் மறைந்திருப்பதால் ராத்திரியில் தேடினாலும் கிடைக்காது. நம் வருடத்தின் ஈர ராத்திரிக்கும் எரியும் பகலுக்கும் அடையாளம் ஒரே இடம்தான்.

சரி, எல்லாமே உண்மையா?

இல்லை. 'கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை' என்பார்கள். பெரும்பாலான வருடங்களில் சரிதான், மார்கழியில் மழை குறைந்துவிடும். ஆனால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ மழை கொட்டியது. அன்றைக்கு மார்கழி பிறந்த சமயம்! சொலவடை சொல்வது 'வழக்கமாக என்ன நடக்கும்' என்பதை மட்டும்தான். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிய, வானிலை மையத்தின் எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

வளர்பிறையில் விதைத்தால் நன்றாக முளைக்கும் என்பதும் அப்படியே. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடலில் ஏற்றவற்றம் அதிகமாக இருப்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. விதைக்கு நிலாவைவிட மண்ணின் ஈரமும் சூடும்தான் முக்கியம். நாள் பார்த்து விதைப்பது உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்க, நஷ்டம் ஒன்றுமில்லை.

மூலிகையில் மட்டும் ரிஸ்க் வேண்டாம்!

சொலவடை தப்பினால் நனைவோம், அவ்வளவுதான். மூலிகை தப்பினால் கதையே வேறு. இந்த ஐந்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைங்க.

1. செங்காந்தளுக்குக் கார்த்திகைப் பூ என்றும் பெயர். மழைக்காலத்தில் வேலிகளில் தீ எரிவதுபோல் பூக்கும் அழகி, நம் மாநில மலரும்கூட. ஆனால், அதன் கிழங்கு கொடிய விஷம். செடி முழுக்க கோல்சிசின் என்ற நச்சு இருக்கிறது. தெரியாத கிழங்கை வேலியில் தோண்டிச் சாப்பிடாதீங்க.

2. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. வலிப்பு, மூளை பாதிப்பு வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. 'பேர் சொல்லா மருந்து' என்று நாக்கில் தடவும் வசம்பும் வேண்டாம். அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள்.

3. கற்பூரவல்லிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனே கூடாது.

4. ஆவாரம்பூ டீ குடிக்கிறோம் என்று சுகர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும், தினமும் மாத்திரை எடுப்பவர்களும் எந்தக் கஷாயத்தையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

5. கண் மஞ்சளானால் கீழாநெல்லியைத் தேடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை.

கடைசிப் பாயின்ட் எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது. சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, ஃபேமிலி குரூப்பில் வந்த ஃபார்வேர்டை நம்பிப் பத்து நாள் வெறும் இலைச்சாறுதான் கொடுத்தோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பது தெரிந்தது. இலைச்சாறு கரைக்கக்கூடிய பிரச்னையே இல்லை அது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ''நான் ரசத்துக்குத்தானே பறிக்கச் சொன்னேன்... வைத்தியத்துக்கா சொன்னேன்?'' என்று அன்றைக்குப் பாட்டி கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

இன்றைக்கு ராத்திரியே தொடங்கலாம்!

சாப்பிட்டதும் பத்து நிமிடம் மொட்டைமாடிக்குப் போங்க. நிலா எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பாருங்க. தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான், அமாவாசை பக்கத்தில் இருக்கலாம். அடுத்த பௌர்ணமி எந்த நட்சத்திரத்தில் என்று வீட்டு நாள்காட்டியில் தேடுங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தொட்டியில் கற்பூரவல்லித் தண்டைச் செருகுங்க.

வீட்டில் பாட்டியோ, பக்கத்து வீட்டு ஆயாவோ இருந்தால், ''இந்த மாசம் என்ன கீரை கிடைக்கும் பாட்டி?'' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. எந்த ஆப்பிலும் இல்லாத பதில் வரும். அதை மறக்காமல் மொபைலில் குறித்துவைங்க. பாட்டிகள் யாரும் இதையெல்லாம் எழுதிவைக்கவில்லை!